ஓரம் மடிக்காத பாய்

லேபல்கள் கைக்கு வந்தது எங்கள் கலைப் படிப்பின் இறுதி வருசக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முந்தி. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் அடிக்கக் கொடுத்திருந்தோம். வாகரைதான் மழைக்குள்ளே சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்துபோய் எடுத்து வந்தான். சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் அவன் தெப்பமாக நனைந்திருந்தான், அட்டைகளில் ஒரு துளி ஈரமில்லை. எங்கள் வகுப்பில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, ஊர்தான் பெயர். வாகரை, மருதமுனை, கொக்கட்டிச்சோலை. நான் தம்பிலுவில்.

மண்டபத்து நிலத்தில் லேபல்களைப் பரப்பி வைத்து அவரவர் தங்களுடையதைத் தேடினோம். என்னுடையதில் மூன்றே வரி. படைப்பின் பெயர் 'பாய்த் தடம்'. கீழே என் பெயர். அதற்கும் கீழே 'டிமைத் தாளில் அச்சு, பண்பாய்'. டிமை என்பது வரையவும் அச்செடுக்கவும் வாங்குகிற பெரிய தாள்.

நான் எழுதிக் கொடுத்தது பன்பாய். இரண்டு சுழி ன. கடையில் தட்டச்சுச் செய்தவர் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார். நான்தான் பிழை விட்டிருக்கிறேன் என்று நினைத்துத் திருத்திவிட்டார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வருசமாக அந்த ஒரு சொல்லோடுதான் எழும்பிப் படுத்தேன். அது இல்லாத சொல்லாகப் போய்விட்டதே என்றிருந்தது.

பன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயல் வாய்க்கால் ஓரத்திலும் குளத்துச் சேற்றிலும் நிற்கிற ஒரு புல், கோரை இனம். அதை அடியோடு அரிந்து, நீளம் பார்த்துப் பிரித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயத் தூள் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் அவித்து மறுபடி உலர்த்த வேண்டும். அப்புறம்தான் இழைக்கத் தொடங்கலாம். தறி கிடையாது. நிலத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு புல்லாக மேலும் கீழும் கோத்து, விரலால் நெருக்கி நெருக்கிப் போக வேண்டியதுதான். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்றில்லாமல் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் பெண்கள் செய்துவந்த வேலை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, வில் என்றால் நீர்நிலை. தம்பிலுவில், கோளாவில், ஒலுவில், பொத்துவில் என்று பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் பன் நின்றிருக்கும். இப்போது பெத்தா பன் தேடிப் போகிற தூரம் கூடிக்கொண்டே வருகிறது.

பெத்தா என்றால் அம்மாவின் அம்மா. மற்ற ஊர்க்காரர்கள் அம்மம்மா, பாட்டி என்பார்கள், எங்களுக்குப் பெத்தா.

நாங்கள் படிப்பது கல்லடியில், சுவாமி விபுலானந்தர் பெயரில் இருக்கிற நிறுவகத்தில். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சங்கீதம், நடனம், நாடகம் என்று மூன்று பக்கமும் சத்தமாக இருக்கும். காண்பியக் கலைக்காரர்களான நாங்கள் மட்டும் மூலையில் மையும் கையுமாக இருப்போம். இறுதி வருசம் எழுத்துப் பரீட்சையோடு முடிவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு படைப்புத் தொகுதி செய்து, அதை மண்டபத்தில் சனம் பார்க்க வைக்க வேண்டும். சுவரில் ஏறாத வரைக்கும் அது வீட்டுவேலைதான் என்று எங்கள் சேர் சொல்வார்.

என் தொகுதி தொடங்கிய கதை இதுதான். 2004 சுனாமி வந்தபோது எனக்கு மூன்று வயது. கடல் வந்தது எனக்கு நினைவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எல்லோரும் தங்கியிருந்தோம் என்பார்கள், அதுவும் நினைவில்லை. நினைவில் இருப்பது ஒன்றே ஒன்று. தூங்கி எழும்பும்போது என் முழங்கைக்குக் கீழே பாயின் கோடுகள் பதிந்திருக்கும். குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். பெத்தா கட்டைவிரலால் அதைத் தேய்த்துவிடுவார். "பாய் உன்னப் புடிச்சி வச்சிருக்கு மனே, பயப்படாத" என்பார். கொஞ்ச நேரத்தில் கட்டங்கள் மறைந்துபோகும். நான் அழுவேனாம்.

அந்தக் கட்டங்களைத் தாளில் பிடிக்க முடியுமா என்பதுதான் என் யோசனை. வரைந்து பார்த்தேன், சரிவரவில்லை. எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது பாயின் படமாகத்தான் இருந்தது, பாய் பட்ட தடமாக இல்லை. பிறகுதான் அச்சு எடுக்கிற எண்ணம் வந்தது. வீட்டில் கிழிந்து ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய பாயை வெட்டி எடுத்து, மேலே அச்சு மையை ரோலரால் மெல்லிசாக உருட்டி, டிமைத் தாளை லேசாக ஈரமாக்கி அதன்மேல் போட்டு, சிரட்டையின் முதுகால் தேய்த்தேன். எங்களிடம் அச்சுப் பொறி இல்லை, சிரட்டைதான் பொறி. தேய்க்கிற கையின் பாரம் எங்கே கூடுகிறதோ அங்கே கோடு கறுக்கும், குறைகிற இடத்தில் வெளிறும். முதல் பத்துப் பன்னிரண்டு தாள் நாசம். மை கூடினால் இழைகளுக்கு நடுவே நிரம்பி, தாள் முழுக்க ஒரே கறுப்பு. மை குறைந்தால் பன்னின் மேல்தோல் வழுவழுப்பு, ஒட்டாது. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் தாளை உரித்து எடுத்தபோது, என் முழங்கை அங்கே கிடந்தது. வேறெப்படிச் சொல்வது? தோலில் பதிந்திருந்த அதே கட்டங்கள், அதே வெளிறல். அன்றைக்கு நான் சாப்பிடப் போகவில்லை.

ஆள் உயரத்துக்கு மூன்று அச்சு, தாள்களை ஒட்டி நீட்டியது. நடுவில் ஒரு புதுப் பாய், சாயம் போடாதது, யாரும் படுக்காதது. தடம் பதிந்த தாள்களுக்கு நடுவே தடமே பதியாத ஒரு பாய் தொங்க வேண்டும் என்று நினைத்தேன். அதை இழைத்துத் தரச் சொல்லிப் பெத்தாவிடம் கேட்டேன்.

பெத்தாவுக்குக் கண் முன்னைப்போல இல்லை. ஆனால் பாய் இழைக்கக் கண் வேண்டியதில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பன்னுக்குத் தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடி வைத்துப் பதமாக்கி, விடியற்காலையில் இருந்துவிடுவார். வெயில் ஏறினால் பன் முறுகும், மடிக்கிற இடத்தில் முறியும். இடது கால் பெருவிரலால் பாயின் ஓரத்தை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கை ஒரு புல்லை எடுக்க, இடது கை இரண்டைத் தூக்கி ஒன்றை விட, கதை ஒரு பக்கம் போக, வேலை ஒரு பக்கம் போகும். விரல் தடவிப் பார்த்தே மெல்லிய புல்லைக் கழித்துவிடுவார். ஒரு இடத்தில் பிழைத்துவிட்டதென்று நாலு விரற்கடை அவிழ்த்துத் திரும்ப இழைத்தார். எனக்குப் பிழை எங்கே என்று தெரியவில்லை. "உனக்குத் தெரியாட்டி என்ன, பாய்க்குத் தெரியும்" என்றார்.

நவம்பரில் பாயை எடுத்துவரப் போனபோது ஓரம் மடிக்கவில்லை. மூன்று பக்கம் முடிந்து, நாலாவது பக்கம் மட்டும் புல் நுனிகள் ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. பெத்தாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் இரு, முடித்துத் தருகிறேன் என்றார். நான் அந்த நுனிகளைப் பார்த்தேன். தூக்கிப் பிடித்தால் மழைத்தாரை மாதிரி தொங்கின. இப்படியே நல்லாக இருக்கிறது, மடிக்க வேண்டாம் என்று சொன்னேன். பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாயைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். தம்பிலுவிலில் இருந்து கல்லடிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே. அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிகுடி என்று கடலோரமாக வருகிற பாதை. பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "கலியாணமா மகள்?" என்று கேட்டார். கண்காட்சி என்றேன். "ஆர் இழைச்ச?" என்று கேட்டார். பெத்தா என்றேன். விளிம்பை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "நெருக்கம் நல்லா இருக்கு" என்றார். காரைதீவில் பஸ் நின்றபோது விபுலானந்தர் ஞாபகம் வந்தது. 1892இல் அவர் பிறந்த ஊர் அது. சமாதி இருப்பது கல்லடியில், அவர் 1929இல் திறந்த சிவானந்தா பள்ளிக்கூட வளவில். பழைய யாழைத் தேடித்தேடி எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருசம் அவர் காலமானார். அவர் பிறந்த ஊரிலிருந்து சமாதி இருக்கிற இடத்துக்கு ஒரே பஸ்ஸில், மடியில் ஒரு பாயோடு போகிறேன் என்ற நினைப்பு எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அடுத்து நான் செய்தது பெரிய பிழை. அறைக்குக் கொண்டுவந்த பாயில் மழைத்தண்ணீர் படக்கூடாதென்று பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் வருச மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காற்றிலேயே ஈரம். பன் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வெளி ஈரம் உள்ளே வராமல் கட்டியதாக நினைத்தேன், உள் ஈரம் வெளியே போகாமல் கட்டியிருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது பூஞ்சண வாடை மூக்கில் அடித்தது. நடுப்பகுதியில் கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா போனைப் பெத்தாவிடம் கொடுத்தார். பெத்தா திட்டவில்லை. பாயை எங்கே வைப்பது என்று இத்தனை வருசம் அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியும். பெத்தா வீட்டில் பாய்கள் எல்லாம் அடுப்படி வளைக்கு மேலே, சுருட்டிச் செருகி, புகை படுகிற இடத்தில்தான் இருக்கும். சின்னதில் இருந்து பார்க்கிறேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. சரி, விடுதியில் அடுப்புக்கு எங்கே போவது? வினாகிரியில் தண்ணீர் கலந்து, துணியைப் பிழிந்தெடுத்து, இழை போகிற பக்கமாகவே துடைத்தேன். மண்டபத்தில் இரண்டு ஃபேனுக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டேன். மறுநாள் காலை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. மருதமுனையும் நானும் பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெயில் நகர நகர வளவுக்குள் நகர்ந்தோம். புள்ளிகள் போய்விட்டன. இரண்டு இடத்தில் மட்டும் நிழல் மாதிரி ஒரு மங்கல் நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் நெஞ்சு சுருக்கென்கிறது.

மருதமுனையின் படைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவளுடைய ஊர் கைத்தறிக்குப் பேர்போனது. வீட்டுத் தறியில் முழுப் புடவை நெய்து முடிந்தபின் அறுத்துப் போடுகிற நூல் தும்புகளைச் சாக்குச் சாக்காகச் சேர்த்து, நிறம் நிறமாகப் பிரித்து, கண்ணாடிப் பெட்டிகளில் மண்படை மாதிரி அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு படையும் ஒரு மாதத்து நெசவு. பெருநாளுக்கு முந்திய மாதங்கள் தடிப்பாக இருந்தன, வேலை இல்லாத மாதங்கள் விரலால் தொட்டால் உடைகிற மெல்லிசு. ஒரு குடும்பத்தின் கணக்குக் கொப்பியை நூலில் எழுதியிருந்தாள். வாகரை தங்கூசி என்கிற நைலோன் நூல் வலைத்துண்டுகளில் செய்திருந்த மனித உருவங்கள் காற்றுக்கு அசைகிறபோது நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

கொக்கட்டிச்சோலை, எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடியின் கரப்புடுப்பை வைத்து வேலை செய்தான். ராசா வேசம் கட்டுகிறவர் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற, கோழிக் கரப்பு மாதிரி விரிந்த உடுப்பு அது. துணியெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கிற வளையங்களை மட்டும் தொங்கவிட்டிருந்தான். வெளிச்சம் போட்டால் அதன் நிழல் சுவரில் ஆடும். கண்காட்சிக்கு முந்திய வாரம் எல்லாவற்றையும் ஒருமுறை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். கூத்தில் அரங்கேற்றத்துக்கு முந்தி முழுக் கூத்தையும் ஆடிப் பார்ப்பதற்கு அடுக்குப் பார்த்தல் என்று பெயர். "நாமளும் அடுக்குப் பாப்பம்" என்றான். அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வேலையின் பெயரே அடுக்கு.

அடுக்குப் பார்த்திருக்காவிட்டால் நாங்கள் தொலைந்திருப்போம். சுவர் வேலை என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. போன வருசத்து ஆணி ஓட்டைகளைப் பூசி, உரசி, வெள்ளை அடித்தோம். படங்களின் நடு, நிலத்தில் இருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும் என்று சேர் சொல்லியிருந்தார், பார்க்கிறவரின் கண் மட்டம். ஆனால் அந்த மண்டபத்து நிலம் ஒரு பக்கம் சரிவு. நிலத்தில் இருந்து அளந்தால் எல்லாம் சரிந்து தெரிந்தது. வாகரையின் மாமா மேசன். அவர் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி வந்தான். ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு, குழாய்க்குள் தண்ணீர் நிற்கிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனோம். அந்தக் கோட்டைச் சுற்றிவர இழுத்து முடித்தபோது இரவு பதினொரு மணி. கரண்ட் போய்விட்டது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர், ஒரு மெல்லிய பென்சில் கோடு, அதன்மேல் நாங்கள் நாலு வருசமாகச் செய்ததெல்லாம் ஏறப் போகிறது. யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

லேபலுக்கு வருகிறேன். திரும்ப அடிக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. மருதமுனை, மூன்று சுழியில் ஒரு சுழியைப் பிளேடால் சுரண்டிவிடலாம் என்றாள். எனக்கு மனம் வரவில்லை. ஒரு வெற்று அட்டையை அதே அளவில் வெட்டி, கறுப்புப் பேனையால் கையாலேயே எழுத இருந்தேன். பாய்த் தடம். என் பெயர். டிமைத் தாளில் அச்சு, பன்பாய். அந்த இடத்தில் கை நின்றது.

அடித்த லேபலில் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. கையால் எழுதுகிறபோது தோன்றியது. பஸ்ஸில் இருந்த அம்மா முதலில் கேட்டதே, ஆர் இழைச்ச என்று. அந்தக் கேள்விக்கு என் லேபலில் பதில் இல்லை. தாளை எழுதினேன், மையைக்கூட எழுதலாமா என்று யோசித்தேன், பாய் என்றும் எழுதினேன். ஏதோ கடையில் வாங்கின சாமான் மாதிரி. நாலு விரற்கடை அவிழ்த்துத் திரும்ப இழைத்த கை அதில் இல்லை.

சேரிடம் போனேன். பெத்தாவின் பெயரையும் போட வேண்டும் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரில் மரியாதை. "அப்படியென்றால் இது கூட்டுப் படைப்பா? உன்னுடைய தீர்மானம் எது, அவருடைய தீர்மானம் எது என்று கேட்டால் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். யோசித்தேன். அச்சு எடுப்பது, எதை எதற்குப் பக்கத்தில் தொங்கவிடுவது, சாயம் வேண்டாமென்றது என்னுடையது. எத்தனை புல் விட்டு எத்தனை புல் தூக்குவது, எந்தப் புல்லைக் கழிப்பது, நெருக்கம், அகலம் எல்லாம் அவருடையது. சொன்னேன். "அப்ப அதையே எழுது" என்றார். எழுதினேன். அச்சும் அமைப்பும் என்று என் பெயர். பன்பாய் இழைத்தவர் என்று அவர் பெயர், அதே அளவு எழுத்தில். பெயரை இங்கே எழுதவில்லை, இணையத்தில் போட அவரிடம் கேட்கவில்லை.

முழுப் பெயரும் சரியாக வேண்டும் என்று அன்றிரவு போன் எடுத்துக் கேட்டேன். பெத்தா, "என்னத்துக்கு மனே, கூப்பனுக்கா?" என்றார். அவருடைய முழுப் பெயரை யாராவது கேட்டால் அது நிவாரணத்துக்குத்தான். கண்காட்சியில் எழுதி வைக்க என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் தகப்பன் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒருமுறை திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நானும் வாறன்" என்றார்.

திறப்பு நாள் காலை எட்டு மணிக்கே அம்மாவும் பெத்தாவும் வந்துவிட்டார்கள், விடியப் புறப்பட்ட முதல் பஸ். வாசலில் நிறைகுடம் வைத்துக்கொண்டிருந்தோம், விளக்குக்குத் திரி போடுகிறவள் போட்டுக்கொண்டிருந்தாள். பெத்தா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேரே லேபலிடம் போனார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முகத்தை அட்டைக்குக் கிட்டக் கொண்டுபோய், தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் திரும்பிப் பாயைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்து, தொங்குகிற நுனிகளில் கண் நின்றது.

"என்னகா இது?"

நான் அந்த நுனிகளைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். முடியாமல் நிற்கிற நிலை, தொடர்ந்து போகிற இழை, மழை. செயல்விளக்கக் கொப்பியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், சேருக்கும் பிடித்திருந்தது. பெத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் சொன்னார்: "என்ட பேர எழுதிப் போட்டுத்து, ஓரம் மடிக்காத பாயையா தூக்கி வச்சிருக்காய்? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க, இவளுக்குப் பாய் முடிக்கத் தெரியாதெண்டுதானே?"

நியாயம். பெயர் போடாமல் இருந்திருந்தால் அது என்னுடைய பாய், நுனிகள் என்னுடைய விருப்பம். பெயர் போட்ட பிறகு அது அவருடைய வேலையும்தான். நான் அந்த எழுத்துகளை எழுதும்போது ஒரு நன்றி சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பெத்தா அதைக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார். கையெழுத்து வைத்தவருக்கு வேலையில் குறை விடுகிற உரிமை இல்லை என்பது அவருடைய கணக்கு.

எனக்கு அந்த நுனிகள் மேல் ஆசை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அவை தொங்குவது தெரிகிறது. சேரைப் பார்த்தேன். அவர் கதவோரத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, நானே முடிவெடுக்கட்டும் என்று நின்றார். நேரம் எட்டேகால். ஒன்பதரைக்குத் திறப்பு. கிளிப்புகளைக் கழற்றிப் பாயை இறக்கி நிலத்தில் விரித்தேன்.

பெத்தா தண்ணீர் கேட்டார். வாகரை ஓடிப்போய்ப் போத்தலில் கொண்டுவந்தான். காய்ந்த நுனிகளில் உள்ளங்கையால் தண்ணீர் தெளித்து, சேலைத் தலைப்பால் மூடி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். மறுகா இருந்து தொடங்கினார். ஒவ்வொரு நுனியையும் வந்த வழியே திருப்பி, பக்கத்துப் புல்லுக்குக் கீழே கொடுத்து, நகத்தால் தள்ளி, இழுத்து இறுக்கினார். கால் பெருவிரல் ஓரத்தை அமர்த்தியிருந்தது. மருதமுனை பக்கத்தில் இருந்து பார்த்தாள், அவளுக்கு நூல் தெரியும், ஆனால் புல்லை மடிப்பது வேறு. இரண்டு நுனி மடித்துப் பார்க்கக் கேட்டாள். பெத்தா அவள் மடித்ததில் ஒன்றை விட்டுவைத்தார், ஒன்றை அவிழ்த்துத் திரும்பச் செய்தார்.

ஒன்பதரைக்கு விளக்கேற்றினார்கள். பெத்தா எழும்பவில்லை, இன்னும் ஒரு முழம் மிச்சம். வந்தவர்கள் உள்ளே நுழைந்து, மூன்று அச்சுகளையும் நடுவில் வெறும் கிளிப்புகளையும் பார்த்து, கீழே குனிந்து பெத்தாவைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி இருந்துவிட்டார்கள். ஒரு வயதான ஐயா தன் தாயும் இப்படித்தான் கால்விரலால் பிடிப்பார் என்று சொல்லிக்கொண்டே நின்றார். பெத்தா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி நுனியைச் செருகிவிட்டு, பிளேடு வாங்கி மிச்சப் புல்லை ஓரத்தோடு நறுக்கினார். பாயைத் தூக்கிப் பார்த்து, "இப்ப தொங்கவிடு" என்றார். தொங்கவிட்டேன். கீழ் விளிம்பு நேராக, 58 அங்குலக் கோட்டுக்குக் கீழே, கோடு போட்ட மாதிரி நின்றது.

வெட்டின புல் துண்டுகளை ஒரு சொப்பிங் பேக்கில் கூட்டி அள்ளிப் பெத்தாவே கொண்டுபோனார், அடுப்பு மூட்ட. போகும்போது ஒன்று கேட்டார். இதெல்லாம் முடிந்த பிறகு பாயை என்ன செய்வாய்? பத்திரமாக வைத்திருப்பேன் என்றேன். "பொலித்தீனிலயா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேல் ஓரத்தில் கிளிப்புப் பிடித்த நாலு பள்ளத்தையும் அவருடைய விரல் உடனே கண்டுபிடித்தது. கொஞ்சம் தண்ணீர் தொட்டு நீவிவிட்டார். அன்றைக்கு இரவு இரண்டு பேரும் அதில்தான் படுத்தோம்.